இடது ஓரத்து ஆட்டக்காரன்

முழங்கால் வலிக்கு விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தாலே போதும். மருந்துக் கடையில் விற்கிற தைலமெல்லாம் வாசனைக்குத்தான். நான் காலை இழுத்து இழுத்து ஸ்டேஷன் படி ஏறுவதைப் பார்த்துவிட்டு நீங்களே நாற்காலியை நகர்த்திப் போட்டீர்கள். பதினேழு வருஷமாக இந்தக் கால் இப்படித்தான். பழகிவிட்டது.

நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று ஏட்டு கண்ணுசாமி சொன்னார். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். அவர் எழுதிக்கொள்ளட்டும். நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

என் பெயர் இராஜாங்கம். வயது நாற்பத்து மூன்று. நன்னிலத்துக்குத் தெற்கே செருவங்குடி, கீழத்தெரு. எங்கள் தெருவில் எல்லோரும் பண்ணையாட்கள். எங்கள் மிராசுதாருக்கு அறுபது வேலி நிலம், ஏக்கர் கணக்கில் நானூறு. அவர் வயலை மிதிப்பதே இல்லை. அவருக்குப் பதிலாக மிதித்தது காரியஸ்தர் துரைராசு. எங்கள் வயலையும் மிதிப்பார், எங்களையும் மிதிப்பார்.

தை அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் தாளைச் செதுக்கிவிட்டுக் கபடி ஆடுவோம். நீங்களும் ஆடியிருப்பீர்கள். எல்லோரும் பாடிப் போகிறவனைத்தான் பார்ப்பார்கள். நான் பிடிக்கிற ஆள். இடது ஓரம். இப்போது கார்னர் என்கிறார்கள். பாடி வருகிறவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவன் உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். எடை இறங்கிய கால் அரை நொடிக்கு நகராது. அந்த அரை நொடிக்குள் விழுந்து கணுக்காலைக் கட்டிவிட்டால் எப்பேர்ப்பட்டவனும் மரம் மாதிரி சாய்வான். அதற்குப் பிறகு அவன் உதைப்பான், நகத்தால் பிறாண்டுவான், முட்டியால் முகத்தில் இடிப்பான். விடக் கூடாது. அவ்வளவுதான் என் தொழில். அதில் என் முன்பற்கள் இரண்டு போயின. இடது தோள் மூன்று தடவை இறங்கியது. வலது கைச் சுண்டுவிரல் மடங்காது, பாருங்கள்.

எங்கள் அணியில் பாடிப் போகிறவன் காத்தான். அதே கீழத்தெரு. என்னைவிட இரண்டு வயது சின்னவன். நெட்டையாக, கறுப்பாக, எப்போதும் சிரித்த முகமாக இருப்பான். என்னை அண்ணே என்பான்.

அறுபதாம் வருஷம் நன்னிலத்தில் ஒரு போட்டியில் வெண்கலக் குடம் ஜெயித்தோம். மேளம் அடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தபோது துரைராசு பண்ணை வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

"பண்ணையாளுக்கு வெங்கலக் கொடம் எதுக்குடா? அய்யா வீட்டு வாசல்ல வச்சுட்டுப் போங்க" என்றார்.

மேளம் நின்றுவிட்டது. காத்தான்தான் குடத்தை இறக்கி வைத்தான். திரும்பி வரும்போது, "விடுண்ணே, அடுத்த வருசம் இன்னொண்ணு ஜெயிப்போம்" என்றான். சிரித்தான். எனக்குத் துரைராசு மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல் அதிகக் கோபம் வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாதவனை எனக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

மறு வருஷம் மாயவரத்தில் அரிசி மில் வைத்திருந்த மீரா சாகிப் எங்கள் இரண்டு பேரையும் தன் அணிக்கு எடுத்துக்கொண்டார். கபடி என்றால் உயிரை விடுகிற மனிதர். மில்லில் மூட்டை தூக்குகிற வேலை என்று பெயர். காலையும் மாலையும் மைதானம்தான். தினம் முட்டை, வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி. பண்ணையில் கூழ் குடித்த உடம்பு அது. ஏழு வருஷம் வேதாரண்யத்திலிருந்து திருச்சி வரைக்கும் ஆடினோம். செருவங்குடிக்குப் போனால் துரைராசுவே, "என்னப்பா, ஆட்டக்காரங்களா" என்று கேட்டார். 'டா' போய்விட்டது. அறுபத்தேழில் ஆட்சி மாறியது. தெருவுக்குத் தெரு புதுக் கொடிகள் ஏறின. எங்களுக்கும் காலம் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அறுபத்தெட்டு மாசியில் வேதாரண்யத்தில் இறுதிப் போட்டி. நாகப்பட்டினத்து அணி. ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம், இரண்டு நிமிஷம் பாக்கி. அவர்களுடைய முக்கியமான ஆள் பாடி வந்தான். நான் விழுந்து பிடித்தேன். என்மேல் எங்கள் ஆட்கள் ஐந்து பேர் விழுந்தார்கள். முழங்கால் உள்ளே கம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிடியை விடவில்லை. நடுவர் ஊதிய பிறகும் என் கையைப் பிரித்துத்தான் அவனை எடுத்தார்கள். அதற்குப் பிறகு காத்தான் ஒரு தடவை சும்மா பாடிவிட்டு வந்தான், நேரம் முடிந்தது. கூட்டம் அவனைத் தூக்கிக்கொண்டது. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. காத்தான் தோள்களுக்கு மேலே இருக்கிறான். படத்தின் கீழ்மூலையில் தரையில் ஒரு கை தெரியும். அது என்னுடையது.

ஆஸ்பத்திரிக்கு மீரா சாகிப் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெட்ராஸ்லேர்ந்து ஆபீசரு ஒருத்தர் வந்திருந்தாருப்பா. காத்தானுக்கு வேலை. கவர்மெண்ட் சம்பளம். அவங்க அணியில ஆடணும், அவ்வளவுதான்" என்றார்.

"நல்லதுங்க" என்றேன்.

"அவன் வேணாம்னுட்டான். ராஜாங்கண்ணனையும் எடுத்தா வர்றேன், இல்லாட்டி நான் வரலைன்னுட்டான். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். இப்படி ஒருத்தன் கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்ப்பா."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் அவனைக் கேட்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டு. நான் அவனிடம் எதையும் கேட்டதில்லை.

இரண்டு பேரும் செருவங்குடிக்கே திரும்பினோம். எனக்குக் கால் போய்விட்டது. அவன் தானாகவே வந்தான். ஊரில் யாரும் என்னிடம் 'எப்படி ஆடினாய்' என்று கேட்கவில்லை. 'உனக்காக அவன் கவர்மெண்டு வேலையையே விட்டுட்டானாமே' என்றுதான் கேட்டார்கள். கல்யாண வீட்டில் கேட்டார்கள், சாவு வீட்டில் கேட்டார்கள். அவன் நீலாம்பாளைக் கட்டியபோது, பெண் வீட்டார் அதைச் சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். ஒரு மனிதனுக்கு ஏழு வருஷத்தில் முப்பத்தெட்டுப் போட்டி, உடைந்த பல், இறங்கிய தோள், எல்லாம் இருந்தன. அதை எல்லாம் ஒரே வாக்கியத்தால் துடைத்துவிட்டான். கெட்டவன் செய்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். நல்லது செய்கிறவனை என்ன செய்வது?

பிறகு விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்தது. நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்துச் சட்டம் போட்டார்கள். எங்கள் மிராசுதார் அதற்குள் நிலத்தைப் பிரித்து மாட்டுக்காரன் பெயரில், சமையல்காரன் பெயரில், துரைராசு பெயரில் எழுதி வைத்துவிட்டார். கீழத்தெரு முழுக்கச் சங்கத்தில் சேர்ந்தது. காத்தான் தலைவன். அவன் கத்திப் பேச மாட்டான். தாலுகா ஆபீஸில் பழைய கணக்குகளை எடுக்கச் சொல்லி, யார் பெயரில் எத்தனை மா இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வருவான். நானும் சங்கத்தில்தான் இருந்தேன். கொடி கட்டினேன், ஊர்வலத்தில் போனேன். மிராசுதார் மேல் எனக்கிருந்த கோபம் பொய்யில்லை. அதை யாரும் சந்தேகப்படக் கூடாது.

எழுபத்து மூன்று ஐப்பசியில் குறுவை அறுவடை. பினாமி நிலத்தில் நாங்கள்தான் அறுப்போம் என்று வயலில் கொடி ஊன்றினோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். பத்து நாள் இரண்டு பக்கமும் வரப்பில் அரிவாளோடு நின்றோம். பதினோராம் நாள் துரைராசு கடைத்தெருவில் நூறு பேர் முன்னால் காத்தானைப் பார்த்து, "ஒன்ன வாய்க்கால்ல மெதக்க விடல, நான் துரைராசு இல்லடா" என்றார். 'டா' திரும்பி வந்துவிட்டது. காத்தான் தன் வழியே நடந்து போனான்.

மறுநாள் நன்னிலத்தில் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை. தெருவில் பாதிப் பேர் அங்கே போயிருந்தார்கள், மீதிப் பேர் கொடி ஊன்றிய வயலில் காவல். எனக்குக் கால் வலி. புதுவாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மழை விட்டு வெயில் அடித்தது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. குறுக்குவழியாகக் காத்தான் தனியாக வந்துகொண்டிருந்தான். மற்றவர்கள் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்கள். இவனுக்குச் சேதி சொல்ல அவசரம்.

"முடிஞ்சுதுண்ணே. கையெழுத்துப் போட்டாச்சு" என்றான். வேர்த்து ஊற்றியது. "பினாமி நெலம் பதினோரு குடும்பத்துக்கு. தாசில்தாரே நாளைக்கு வந்து அளந்து கல்லுப் போடுறாரு."

"யார் யாருக்கு?"

"நான்தான் பட்டியலு குடுத்தேன். மொதப் பேரு உன்னுதுதாண்ணே. மதகடி மூணு மா, முழுசா ஒரு ஏக்கரு. கால வச்சுக்கிட்டு நீ தூரமா நடக்க முடியாதுல்ல, அதான் தெருவுக்குக் கிட்டக்கவே கேட்டு வாங்கினேன்."

"உனக்கு?"

"எனக்கு என்னண்ணே அவசரம். அடுத்த பட்டியல்ல பாத்துக்கலாம்."

சிரித்தான். பிறகு முகம் கழுவுவதற்காக மதகின் படியில் இறங்கினான்.

ஐயா, நான் அங்கே அவனுக்காகக் காத்திருக்கவில்லை. கையில் கம்புகூட இல்லை. மூன்று மா நிலம் என் தலையில் வந்து விழுந்தது, அதைத் தாங்க முடியவில்லை. இன்னும் முப்பது வருஷம் உயிரோடு இருந்தால், முப்பது வருஷமும் அந்த நெல்லைத் தின்றுகொண்டு, 'காத்தான் வாங்கிக் கொடுத்தது' என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நானும் அவனுக்கு முன்னால் நின்று போராடியவன். என் பெயரை ஒரு பட்டியலில் ஏற்றுவதற்கு அவன் யார்?

அவன் குனிந்து தண்ணீரை அள்ளினான். இடது காலில் எடை இறங்கியது.

படியில் பாசி இருந்தது. நான் விழுந்த வேகத்தில் அவன் நெற்றி மதகுக் கல்லில் இடித்தது. பிறகு தண்ணீருக்குள் போனான். நானும் போனேன். எனக்கு இடுப்பளவு ஆழம். கணுக்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி என் மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முழங்காலில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது; கையில் வலு குறையவில்லை. மைதானத்தில் அவனுடைய மூச்சு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அதைவிடக் கூடுதலாகவே நின்றேன். கரையில் ஒரு கொக்கு நின்றது. அது பறக்கவில்லை. அவ்வளவு அமைதியாகத்தான் நடந்தது.

சாயங்காலம் கீழ்மதகுப் பலகையில் உடம்பு தட்டி நின்றது. நெற்றியில் காயம். தெரு முழுக்கத் துரைராசு பெயரைத்தான் சொன்னது. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். 'வாய்க்கால் கரையில் துரைராசுவையும் இன்னும் இரண்டு பேரையும் கண்ணால் பார்த்தேன்' என்றேன். பண்ணை வைக்கோல் போரில் முதலில் நெருப்பு வைத்ததும் நான்தான். களத்தில் இருந்த நெல் எல்லாம் எரிந்தது. அப்போது எனக்கு இருந்த கோபம் நிஜமான கோபம். அழுகையும் நிஜம். அது எப்படி என்று கேட்காதீர்கள். எனக்கே விளங்கவில்லை.

தீ வைத்ததற்குக் கீழத்தெரு ஆண்கள் இருபத்திரண்டு பேர் மேல் வழக்கு. தாசில்தார் கல் போட வரவில்லை. ஒப்பந்தம் கிடப்பில் விழுந்தது. பதினோரு குடும்பத்துக்கும் இன்றுவரை நிலம் இல்லை. துரைராசுவுக்கு ஆயுள் தண்டனை. கூண்டில் நின்று, "நான் வாயால சொன்னதுதாங்க, கையால செய்யலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவர் செய்திருக்கக்கூடியவர்தான். எங்கள் தெருவில் அவர் செய்ததற்கெல்லாம் ஒரு நாளாவது தண்டனை கிடைத்ததா? கணக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

தீர்ப்புக்குப் பிறகு அவர் மனைவி அமிர்தம் ஒரு நாள் கீழத்தெருவுக்கு வந்தாள். அந்தத் தெருவுக்குள் அவர்கள் வீட்டுப் பெண் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. என் குடிசை வாசலில் நின்றாள்.

"நீங்க நெசமாவே அவரப் பாத்தீங்களா? அன்னிக்கு மத்தியானம் அவரு காய்ச்சல்ல படுத்திருந்தாருங்க. நான்தான் கஞ்சி குடுத்தேன்."

"பார்த்தேம்மா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். போய்விட்டாள். துரைராசு ஆறாம் வருஷம் ஜெயிலிலேயே வயிற்று நோயில் செத்தார்.

நீலாம்பாளை நான் கைவிடவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். கூரை மாற்றிக் கொடுத்தேன். "நீங்க இல்லாட்டி நாங்க என்னண்ணே ஆயிருப்போம்" என்பாள். நல்ல பெண். அவளிடம் இதை நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

தெருமுனையில் அவனுக்குச் சிமெண்டில் மேடை கட்டிக் கொடிமரம் நட்டார்கள். 'கபடி வீரர் தியாகி காத்தான்' என்று எழுதியிருக்கும். வருஷா வருஷம் அவன் பெயரில் போட்டி. பன்னிரண்டு வருஷமாக மேடைக்கு மாலை போடுவது நான். கோப்பை கொடுப்பதும் நான். இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த போட்டிக்கு நீங்களே பந்தோபஸ்துக்கு வந்திருந்தீர்கள். கோப்பை கொடுக்க என்னைக் கூப்பிட்டபோது மைக்கில் பேசியவன் வெளியூர்க்காரன், என் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. 'தியாகி காத்தான் அவர்களுடன் ஆடிய ஒரு பெரியவர்' என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் எழுந்துபோய்க் கோப்பையைக் கொடுத்தேன்.

நான் இங்கே வந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. துரைராசு செய்யாத குற்றத்துக்குச் செத்தார். அது மனதில் கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் வந்தேன். அப்படியே எழுதுங்கள்.

இப்போது ஏட்டு எழுதியதை வாசித்துக் காட்டினார். கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில், 'மேற்படி காத்தானை எதிரி இராஜாங்கம் இன்னும் சிலருடன் சேர்ந்து தண்ணீரில் அமுக்கி' என்று போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "யோவ், காத்தான் ஆட்டத்தை நானே பாத்திருக்கேன். அஞ்சு பேரு கட்டினாலும் இழுத்துக்கிட்டு வருவான். நீ நொண்டிக்கால வச்சிக்கிட்டுத் தனியா அமுக்கினேன்னு எழுதினா கோர்ட்டுல சிரிப்பாங்க. கூட யாரு இருந்தா, அதச் சொல்லு" என்கிறார்.

யாரும் இல்லை. மில் அணியில் தினம் அவனை எதிர்த்துத்தான் பயிற்சி. ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் கால் என் கையில் நின்றதில்லை. யார் கையிலும் நின்றதில்லை. மதகடியில் நின்றது. நான் பொறாமையில் செய்தேன் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார், அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அவன்மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இருந்ததில்லை. 'இன்னும் சிலருடன் சேர்ந்து' என்பதையும் அடித்துவிட்டு, 'தனியாக' என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.